கடல் மீன் தொட்டிக்கு மதுரைத் தண்ணி ஒத்து வருமா? குழாத் தண்ணியா, ஆர்ஓவா?

பிரியா, எல்லீஸ் நகர்

வணக்கம். கப்பி, மோலி, ஏஞ்சல்னு நல்லதண்ணி மீன் ரொம்ப வருசமா வளர்க்கிறேன். லீவுல ராமேஸ்வரம் போயிட்டு வந்ததுல இருந்து மகனுக்கு க்ளவுன் மீன் கிறுக்கு. சரி, கடல் தொட்டி ஒண்ணு வச்சுப் பாப்போம்னு இறங்கிட்டேன். 3 அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். வெல்டிங் பட்டறையில சொல்லி இரும்பு ஸ்டாண்டு அடிச்சு வந்தாச்சு, கடல் உப்பு வாளியும் வாங்கியாச்சு. முதல்ல ரெண்டு க்ளவுன், நாலஞ்சு நத்தை, ரெண்டு இறால். அதுக்கு மேல பிறகு யோசிக்கலாம்.

இப்ப இழுபறி தண்ணியிலதான். தண்ணியில லிட்டருக்கு எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற, தம்பியோட பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர வாங்கி வீட்டுல இருக்கிறதையெல்லாம் அளந்து பாத்தேன்:

மாநகராட்சித் தண்ணி, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சம்புல பிடிக்கிறோம்: 240
போர்: 1480
அடுப்படி ஆர்ஓ: 65
கேன் தண்ணி: 48

மீன் கடைக்காரர் கேன் தண்ணி வாங்கி ஊத்துங்கங்கிறார். என் கொழுந்தனார், "கடல் தண்ணின்னாலே உப்புத்தான அண்ணி, போர்ல பாதி உப்பு சும்மாவே வருது, அதுல ஊத்துனா உப்பு மிச்சம்"ங்கிறார். மாமியார் அதுக்கும் ஒரு படி மேல, எதுக்கு இம்புட்டுக் காசு குடுத்து வாளி உப்பு, தூத்துக்குடி கல்லுப்பு மூடை போட்டா முடிஞ்சுதுங்கிறாங்க. நெட்ல பாத்தா அமெரிக்காக்காரங்க எல்லாரும் ஆர்ஓ டிஐ, டிடிஎஸ் 0 இல்லாம ஆகவே ஆகாதுங்கிறாங்க. நம்ம ஊர்ல, நம்ம தண்ணியில வளர்க்கிறவங்க யாராச்சும் சொல்லுங்க. 65க்கும் 0க்கும் நடுவுல அப்படி என்ன வந்துரப் போகுது? 35,000 உப்பு இருக்கிற தண்ணியில 65 ஒரு கணக்கா?

நாகமலை டேம்சல்

மாநகராட்சித் தண்ணியே தாராளமாப் போதும். நான் டேம்சலும் க்ளவுனும் அதுலதான் வச்சிருக்கேன். டிரம்ல பிடிச்சு, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் ஓட விட்டு, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, உப்பக் கலக்குறேன். மீன் ஜம்முனு இருக்கு. ஆர்ஓ வச்சா ஒரு குடம் தண்ணிக்கு மூணு குடம் சாக்கடையில போகும். வைகையில தண்ணி வர்ற லட்சணத்துக்கு மதுரையில உக்காந்துகிட்டு இதெல்லாம் தேவையா? அமெரிக்காக்காரன் சொன்னான்னு நம்மளும் ஆடக்கூடாது.

மேலூர் வாத்தியார்

உங்கள் கொழுந்தனாருக்கும் மாமியாருக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் நடத்துபவன், தொட்டியும் உண்டு.

கல்லுப்பு கடல் நீரிலிருந்து வருவதுதான், ஆனால் கடல் நீரில் இருப்பதெல்லாம் அதில் இல்லை. உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு அடியில் இறங்கும், அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைடு பூக்கும். அதை வாரி எடுத்துக்கொண்டு மிச்சம் நிற்கிற கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்பு நீரோடு போய்விடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்க வேண்டும். கல்லுப்பில் அதை எங்கே தேடுவது? சமையலுக்கு அது உத்தமம். தொட்டிக்கு ஆகாது.

போர் தண்ணீர் கதை வேறு. அந்த 1480இல் பாதிக்கு மேல் சோடியம் உப்பு என்று கொழுந்தனார் நினைக்கிறார் போலும். நம் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் பெரும்பாலும் கடினத்தன்மையும் காரத்தன்மையும் சேர்ந்தே நிற்கும். காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீன்காரர்கள் பேசும் டிகேஎச் கணக்கில் அதுவே 22. கடலில் 7 தான். வாளி உப்பு 8 முதல் 11 வரை கொடுக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும். அதன் மேல் இந்த 22 ஏறினால் தண்ணீர் தாங்காது. பால் போல் வெளுத்து, கால்சியம் கார்பனேட்டாகக் கீழே விழும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியமும் சேர்ந்து விழும். தோட்டம் வயல் சூழ்ந்த கிணறு என்றால் நைட்ரேட் தனி.

ஆர்ஓ ராசு, திருநகர்

வணக்கம் தங்கச்சி. நான் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் பாக்கிறவன். பகல்ல அடுத்தவங்க வீட்டு மெம்பிரேன் (உப்பத் தடுக்கிற சவ்வு), ராத்திரி நம்ம வீட்டு நாலடிக் கடல் தொட்டி. அதனால இந்தக் கேள்விக்கு ரெண்டு பக்கமும் நின்னு சொல்ல முடியும்.

உங்க நாலு நம்பரையும் பாத்ததும் எனக்குக் கண்ணுல பட்டது 1480 இல்ல, அந்த 65. 240 தண்ணி நல்ல மெம்பிரேன் வழியா வந்தா 10, மிஞ்சிப் போனா 15 தான் காட்டணும். 65 காட்டுதுன்னா ஒண்ணு மெம்பிரேன் போயிருக்கு, இல்லாட்டி உள்ள டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு குட்டி வால்வு திறந்திருக்கு. அந்த வால்வு என்ன பண்ணும்னா, மெம்பிரேன் வழியாப் போகாத தண்ணியில கொஞ்சத்தச் சுத்தமான தண்ணியோட கலந்து விடும். குடிக்க ருசியா இருக்கணும்ல, அதுக்கு. சில மெசின்ல மினரல் கார்ட்ரிஜ் வேற இருக்கும், அது கால்சியம் மெக்னீசியத்தத் திரும்பச் சேக்கும். ஆக உங்க 65ங்கிறது முக்கால்வாசி சுத்தத் தண்ணியும் கால்வாசி குழாத் தண்ணியும். குடிக்கத் தப்பே இல்ல. தொட்டிக்கு வேற ஏற்பாடு பண்ணணும், அதையும் சொல்றேன்.

அடுத்து நீங்க கேட்டது, 35,000ல 65 ஒரு கணக்கா? தொட்டிய முதல்தடவ நிரப்புறதுக்கு மட்டும்னா கணக்கே இல்ல. 240 கூட, மீன் மட்டும்னா, பெரிய கணக்கு இல்ல. நாகமலை அண்ணே சொல்றது அங்க சரிதான். ஆனா எல்லாரும் முதல்நாள் ஊத்துற தண்ணியப் பத்தியே பேசுறாங்க. முதல்நாள் ஒரு நாள்தான். ஆவியாப் போறதுக்கு ஈடா ஊத்துற தண்ணிதான் தினமும் போகுது.

மதுரையில ஏப்ரல் மே மாசம் வீட்டுக்குள்ள என்ன சூடுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தண்ணியக் குளுர வைக்கிற சில்லர் மெசின் வைக்க எல்லாருக்கும் கட்டாது, அதனால தொட்டி மேல சின்ன ஃபேன் வைப்போம். ஃபேன் தண்ணியக் குளுர வைக்கிறதே ஆவியாக்கித்தான். உங்க சைசுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் சாதாரணமாப் போகும். போறது தண்ணி மட்டும், உப்பு அங்கனயே நிக்கும். ரசத்த அடுப்புல மறந்துட்டு வந்தா என்ன ஆகுமோ அதுதான். அப்ப நல்லதண்ணி ஊத்தி மட்டத்துக்குக் கொண்டு வர்றோம். ஊத்துற தண்ணியில இருக்கிறது எதுவும் திரும்ப ஆவியாப் போகாது.

கணக்குப் போடுங்க. நாளைக்கு 3 லிட்டர்னா மாசம் 90 லிட்டர். 240 தண்ணின்னா மாசத்துக்கு 22 கிராம் கிட்ட உள்ள எறங்கும். போர் தண்ணின்னா 130 கிராமுக்கு மேல. உங்க தொட்டி மணலும் கல்லும் போக 160 லிட்டர் பிடிக்கும். அதுல கால்சியம் மொத்தமே 65 கிராம்தான். இப்ப தெரியுதா 22 சின்ன நம்பரா பெரிய நம்பரான்னு? மாசாமாசம் தண்ணி மாத்துறப்ப கொஞ்சம் வெளிய போகும், அது நெசம். அம்புட்டும் போகாது.

நைட்ரேட்டையும் பாருங்க. குடிநீருக்கு நம்ம நாட்டு வரையறை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்கும் விடுது. மனுசன் குடிக்க அது சரி. குழாயில 20 தான் இருக்குன்னு வைங்க, 90 லிட்டரு ஊத்துனா தொட்டியில மாசத்துக்கு 11 ஏறும். மீன் சாப்பிட்டுப் போடுறதுல வர்றது தனி. மீன் தாங்கிக்கும். கண்ணாடியில பச்சையும் காவியுமாப் பாசி மட்டும் வழிச்சு மாளாது. சிலிக்கா இருந்தா காவிப் பாசி மண்ணு மேல பொடி தூவுனாப்ல வரும்.

குழாத் தண்ணியில ஓடுற ஒரு தொட்டியோட பம்ப்ப போன வாரம் கழட்டிப் பாத்தேன். உள்ள சுத்துற காந்த உருளை உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு வெள்ள பூத்து, குழிக்குள்ள இறுகி நின்னு போச்சு. வினிகர்ல போட்டதும் புஸ்ஸுனு நுரைச்சுக் கரைஞ்சது. வீட்டுக்காரர் பம்ப் மட்டமுன்னு வேற பம்ப் வாங்கப் போயிட்டாரு. பம்ப் நல்ல பம்ப்தான்.

கேன் தண்ணி பத்தி: இன்னைக்கு 48. நாளைக்கு வேற பிளாண்ட்ல இருந்து வரும், 110 இருக்கும். போர் தண்ணிய ஆர்ஓ பண்ணி, மேல கொஞ்சம் கலந்து விடுறதுதான் அங்கயும். அவசரத்துக்கு வாங்கலாம், தினசரிக்கு நம்ப முடியாது. ஒவ்வொரு கேனையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டு ஊத்தணும்.

பிரியா, எல்லீஸ் நகர்

அண்ணே, இம்புட்டு விவரமா யாரும் சொல்லல, ரொம்ப நன்றி. அந்தக் குட்டி வால்வ நான் இதுவரைக்கும் கவனிச்சதே இல்ல. இப்ப மூடியக் கழட்டிப் பாத்தேன், மஞ்சக் கலர்ல ஒரு திருகு இருக்கு. அதை மூடிட்டா போதுமா? இன்னொண்ணு, மெசின் முகப்புல செம்பு படம் போட்டு "காப்பர்"னு எழுதியிருக்கு. அது தொட்டிக்கு ஏதும் செய்யுமா?

ஆர்ஓ ராசு, திருநகர்

தங்கச்சி, நல்லவேளை இதைக் கேட்டீங்க. அந்த காப்பர் தண்ணி ஒரு சொட்டு தொட்டிக்குள்ள போகக் கூடாது.

செம்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு நம்ம ஆளுங்க நம்புறதால, கம்பெனிக்காரங்க இப்ப கடைசி ஃபில்டர்ல செம்பக் கரைச்சு விடுறாங்க. நமக்கு ஒண்ணும் இல்ல. நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். அதுவும் மீன் தாங்குற அளவுக்கு ரொம்பக் கீழயே அதுங்க செத்துரும். மீனுக்கு வெள்ளப்புள்ளி நோய் வந்தா செம்பு மருந்துதான் தனித் தொட்டியில வச்சுக் குடுக்கிறோம், அப்ப பாத்துக்கங்க. எனக்குத் தெரிஞ்ச அண்ணா நகர் வீடு ஒண்ணுல புது மெசின் மாட்டுன கொஞ்ச நாள்ல இறாலெல்லாம் ஒவ்வொண்ணாக் கவுந்துச்சு. மீன் நல்லா சுத்திக்கிட்டு இருந்துச்சு, அதனால அவரு தண்ணிய சந்தேகப்படவே இல்ல. உப்பு மேல பழி, இறால் வித்த கடை மேல பழி. கடைசியில அடுப்படியில போய் மெசின் மூடிய நான் திறந்து பாத்தப்பதான் தெரிஞ்சது. செம்பு கல்லுலயும் மணல்லயும் ஏறி உக்காந்துக்கும், தண்ணி மாத்துனா மட்டும் போகாது.

மீட்டரு இதுல உதவாது. டிடிஎஸ் மீட்டர் தண்ணி எம்புட்டு மின்சாரம் கடத்துதுன்னு பாத்து ஒரு நம்பரச் சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. இறாலக் கொல்ற அளவு செம்பு அந்த 65ல அரை நம்பர்கூட இருக்காது.

இப்ப உங்களுக்கு வழி. புது மெசின் வாங்க வேண்டாம். மெம்பிரேன் ஹவுசிங்ல ஒரு பக்கம் ரெண்டு குழாய் வெளிய வரும். ஒண்ணு வேஸ்ட் தண்ணி, அதுல எஃப்ஆர்னு சின்னதா ஒரு உருளை மாட்டியிருக்கும். இன்னொண்ணு நல்ல தண்ணி. அந்த நல்ல தண்ணிக் குழாய்ல, கன்ட்ரோலர் வால்வுக்கும் காப்பர் ஃபில்டருக்கும் முன்னாடியே ஒரு டீ கனெக்டர் போட்டு, குட்டி டேப்பு ஒண்ணு வச்சுத் தனியா ஒரு குழாய் இழுத்துருங்க. டீ கனெக்டர் ஸ்பேர் கடையில சல்லிசாக் கிடைக்கும். ஒண்ணு, டீ கனெக்டருக்கும் தண்ணி கலந்து சேர்ற இடத்துக்கும் நடுவுல சின்னதா ஒருவழி வால்வு இருக்கான்னு பாத்துக்கங்க, இல்லாட்டி கலந்த தண்ணி பின்னால வரும். அந்தத் தனிக் குழாயில 10 இன்ச் கண்ணாடி ஹவுசிங் ஒண்ணு, உள்ள மிச்ச உப்பப் பிடிச்சு வச்சுக்கிற மணி மணியான கலப்பு ரெசின். அதுதான் அமெரிக்காக்காரங்க சொல்ற டிஐ, வேற மந்திரம் இல்ல. நெறம் மாறுற ரெசினா வாங்குங்க, தீந்த அளவு கண்ணுக்கே தெரியும். அதுக்கப்புறம் மீட்டர் 0 காட்டும். 2, 3 காட்ட ஆரம்பிச்சா மாத்திருங்க, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னு விடாதீங்க. தீந்த ரெசின் பிடிச்சு வச்சிருந்த சிலிக்காவ முதல்ல விட்டுரும்.

சர்வீஸ்காரங்க யாரும் சொல்லாத ஒண்ணு. மெசின் ஓடாம நிக்கிற நேரத்துல, மெம்பிரேனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உப்பு மெல்ல இந்தப் பக்கம் கசிஞ்சு வந்துரும். திரும்ப ஓட்டுனதும் முதல் ரெண்டு மூணு நிமிசம் 60, 70 காட்டும், அப்புறம் தன்னால 12க்கு இறங்கும். அந்த முதல் தண்ணிய ரெசினுக்கு விட்டா ரெசின் வெரசாத் தீரும். டேப்பத் திருப்பி அத அடுப்படி வேலைக்குப் பிடிச்சுக்கங்க, இறங்குனப்புறம் ரெசினுக்கு விடுங்க. இதே காரணத்துக்குத்தான் அஞ்சஞ்சு லிட்டராப் பிடிக்காதீங்க, ஒரே மூச்சுல பிடிங்க. வீட்டு மெசின் மணிக்கு 12 லிட்டர் குடுத்தாலே பெருசு. 160 லிட்டருக்கு ரெண்டு ராத்திரி ஓடட்டும்.

தண்ணி சம்புல இருந்து நேரா மெசினுக்கு வரணும். நெறைய வீட்டுல மாடித் தொட்டியில போரும் குழாத் தண்ணியும் ஒண்ணாக் கலந்துரும், அங்க இருந்து லைன் வந்தா மெம்பிரேனும் ரெசினும் பாழ்.

கே.கே.நகர் மாப்ள

குறுக்க ஒரு கேள்வி. எங்க வீட்டு ஏசியில இருந்து ராத்திரிக்கு ஒரு வாளி தண்ணி வருது. டிடிஎஸ் பாத்தா 12. ஆர்ஓவே வேண்டாம் போல இருக்கே, அத ஊத்தக்கூடாதா? மழைத் தண்ணியும் ஓடு வழியாப் பிடிச்சா சுத்தம்தான?

ஆர்ஓ ராசு, திருநகர்

மாப்ள, இப்பத்தான செம்பு பத்திப் பேசுனோம். ஏசிக்குள்ள தண்ணி வழியுற காயில் எதால ஆனதுன்னு நினைக்கிறீங்க? பாதி ஏசி செம்புக் குழாயும் அலுமினியத் தகடும். மீட்டர்ல 12 தான் காட்டும். அந்தப் 12 என்னன்னு தெரியாது. கூடவே ஃபில்டர்ல படிஞ்ச தூசி, சர்வீஸ் பண்றப்ப அடிச்ச ஸ்ப்ரே. இன்வெர்ட்டர் பேட்டரிக்குக்கூட அத யோசிச்சுத்தான் ஊத்துவேன். காருக்கு வைப்பர் தண்ணியா வச்சுக்கங்க.

மேலூர் வாத்தியார்

மழைநீர் பற்றி நான் சொல்கிறேன். விழும்போது மிகச் சுத்தம். நம் மாநிலத்தில் 2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து குழாயும் தயாராகவே இருக்கிறது. சிக்கல் மொட்டை மாடியில். வெயிலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதில் பட்டு வருகிற தண்ணீரில் சுண்ணாம்பு ஏறும். தகரக் கொட்டகை என்றால் துத்தநாகம், அதுவும் இறால் நத்தைக்கு ஆகாது. புறா எச்சம் இருந்தால் பாஸ்பேட். ஐப்பசியில் நாலைந்து மழை பெய்து மாடி நன்றாகக் கழுவப்பட்ட பின், சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு கட்டி நேராகப் பிடித்தால் ரெசின் வழியாக விட்டுப் பயன்படுத்தலாம். மெம்பிரேன் கூடத் தேவைப்படாது. ஆனால் சித்திரையில் தொட்டி வற்றும்போது மழைக்கு எங்கே போவது?

ராசு சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். போர் தண்ணீரை ஆர்ஓ செய்தாலும் அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு மெம்பிரேனைத் தாண்டி வந்துவிடும். மீட்டரில் அது சரியாகத் தெரியாது, ரெசினை மட்டும் தின்றுகொண்டே இருக்கும். நைட்ரேட்டும் கால்சியத்தைவிட எளிதாகக் கசியும். சம்புத் தண்ணீரையே விடச் சொன்னது அதனாலும் நல்லது.

பாம்பன் காத்து

மதுரை மக்கா, எல்லாரும் உப்பு வாளியவே கட்டிக்கிட்டு அழுறீங்க, இங்க கடலே கிடக்கே. மண்டபத்துல இருந்து ஐஸ் பெட்டி வண்டி தெனமும் மதுரை மார்க்கெட்டுக்கு வருது. தெரிஞ்ச டிரைவருகிட்ட சொன்னா கேன்ல கடல் தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க. எங்க ஆளு ரெண்டு மூணு பேருக்கு அப்படித்தான் ஓடுது.

ஆனா எங்க மொண்டாலும் சரின்னு இல்ல. போட்டு கட்டுற இடத்துல டீசல் மிதக்கும். கரையோரம் கலங்கல். கொஞ்சம் உள்ள போயி, அமைதியான நாள்ல மொள்ளணும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் கடல்லயே உப்பு இறங்கிரும், அளக்காம ஊத்தாதீங்க. கொண்டாந்த தண்ணிய மூடி இருட்டுல ஒரு வாரம் வச்சு, மேல தெளிஞ்சத மட்டும் எடுங்க.

அந்த அக்காவுக்கு ஒண்ணு. ராமேஸ்வரத்துல யாராச்சும் பவளக் கல்லு, காஞ்ச கல்லுன்னு வித்தாலும் வாங்கிராதீங்க. 2001லயே பவளத்த வனவிலங்குச் சட்டத்துல புலியிருக்கிற முதல் அட்டவணையில சேத்தாச்சு. செத்த பவளம் கையில இருந்தாலும் கேஸுதான். க்ளவுனு தொட்டியிலயே பொரிச்ச குஞ்சாக் கேட்டு வாங்குங்க. மண்டபம் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல அதுக்கு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. கடல்ல பிடிச்ச மீன விட அதுதான் தீனி வெரசா எடுக்கும்.

ஆர்ஓ ராசு, திருநகர்

பாம்பன் தம்பி சொல்றது உப்புக்குச் சரி. ஆனாலும் தினம் ஆவியாப் போறதுக்குக் கடல் தண்ணிய ஊத்த முடியாதுல்ல. ஊத்துனா உப்பு ஏறிக்கிட்டே போகும். கடலே வாசல்ல இருந்தாலும் அந்த 3 லிட்டர் நல்லதண்ணி வேணும்.

நாகமலை டேம்சல்

எல்லாம் சரி ராசு அண்ணே, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. மூணு பங்கு தண்ணி வீணாப் போறத யாரு பாக்கிறது? எங்க தெருவுல வெயில்காலத்துல லாரி வந்தாத்தான் தண்ணி.

ஆர்ஓ ராசு, திருநகர்

கேக்க வேண்டிய கேள்விண்ணே. கணக்கப் பாருங்க. 240 தண்ணி உள்ள போகுது. கால்வாசி உப்பில்லாம வெளிய வருது, அந்த உப்பு மீதி முக்கால்வாசித் தண்ணியில சேந்துக்குது. அப்ப வேஸ்ட் தண்ணி எம்புட்டு? 320. பிரியா தங்கச்சி வீட்டு போர் தண்ணி 1480. வேஸ்ட்னு பேரு வச்ச தண்ணி, அவங்க குளிக்கிற தண்ணிய விட நாலு மடங்கு நல்ல தண்ணி! அதப் போய் யாராச்சும் சாக்கடையில விடுவாங்களா? டிரம்ல பிடிச்சுத் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், மல்லிச் செடிக்கு ஊத்தலாம், சோப்பு நல்லா நுரைக்கும். துவைக்கிற நாள்ல மெசின ஓட்டுங்க, ஒரு சொட்டு வீணாகாது.

இதே போர் தண்ணிய மெசினுக்கு விட்டா வேஸ்ட் 1970க்கு மேல போகும். அது செடிக்கு ஆகாது, கக்கூஸுக்குத்தான். சண்ட போடணும்னா போர் தண்ணியில ஆர்ஓ ஓட்டுறவங்ககிட்டப் போடுங்க.

உங்க தொட்டிய மாத்தச் சொல்லல. மீன் மட்டும்தான், இறால் நத்தை இல்ல, குழாத் தண்ணி 240 கிட்ட. ஓடட்டும். தினசரி ஊத்துறத மட்டும் ஆர்ஓவா மாத்திப் பாருங்க, கண்ணாடி தேய்க்கிற வேலை குறையும். மாசம் 90 லிட்டர்தான.

நாகமலை டேம்சல்

320ஆ? அத நான் யோசிக்கல. சரி, துவைக்கிற நாள் கணக்கு வீட்டம்மாகிட்டச் சொல்லிப் பாக்கிறேன். ஆன்டி குளோரின் மட்டும் விட மாட்டேன்.

ஆர்ஓ ராசு, திருநகர்

விடாதீங்க. குழாத் தண்ணிக்கு அது வேணும். ஆர்ஓக்காரங்களும் குளோரின மறக்கக் கூடாது. மெசின்ல கார்பன் ஃபில்டர்தான் குளோரினப் பிடிக்குது, அது தீந்துட்டா குளோரின் மெம்பிரேனையே அரிச்சுரும். மாநகராட்சி ஆளுங்க தெருக்குழாயில ஒரு குப்பியில தண்ணியப் பிடிச்சுச் சொட்டு மருந்து விட்டு மஞ்சளாகுதான்னு பாப்பாங்கள்ல, அதே மருந்து மீன் கடையிலயும் இருக்கு. கார்பன் தாண்டி வர்ற தண்ணியில அப்பப்ப விட்டுப் பாருங்க. மஞ்சளானா கார்பன மாத்தணும்.

பிரியா, எல்லீஸ் நகர்

டீ கனெக்டரும் ரெசின் ஹவுசிங்கும் இன்னைக்கு வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம கொழுந்தனாரே வந்து மாட்டித் தர்றாராம், போர் தண்ணி யோசனைக்குப் பரிகாரமா! ஒரே ஒரு சந்தேகம். 160 லிட்டருக்கு உப்பு எம்புட்டு, தொட்டியில நேரடியாவே கலக்கலாமா? நீல டிரம் ஒண்ணு பழைய சாமான் கடையில பாத்து வச்சிருக்கேன்.

ஆர்ஓ ராசு, திருநகர்

பழைய நீல டிரம் வேண்டாம்மா, அதுல என்ன கெமிக்கல் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. குடிதண்ணிக்குன்னு விக்கிற புது டிரம் வாங்குங்க.

முதல்தடவ மட்டும் தொட்டியிலயே கலக்கலாம், உள்ள உசுரு ஒண்ணும் இல்லைல. தண்ணிய முதல்ல நிரப்பி, பம்ப ஓட விட்டு, உப்பக் கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க. உப்பக் கொட்டிட்டு அது மேல தண்ணி ஊத்தக் கூடாது, அடியில கெட்டியா நின்னு கால்சியம் வெள்ளையா விழுந்துரும், அப்புறம் எம்புட்டுக் கலக்குனாலும் கரையாது. லிட்டருக்கு 37 கிராம்னு வச்சா 6 கிலோ கிட்ட வரும், 5 கிலோ போட்டுட்டு அளந்து பாத்து மீதியப் போடுங்க. உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல 35, இல்லாட்டி 1.026 வரணும். அந்த மீட்டர 35 கரைசல் வச்சு சரி பண்ணுங்க, வெறும் ஆர்ஓ தண்ணியில 0 வச்சாப் போதும்னு விக்கிறவங்க சொல்வாங்க, அத நம்பாதீங்க. ஒரு நாள் ஓடட்டும்.

அதுக்கப்புறம் மகன்கிட்டச் சொல்லி வைங்க, க்ளவுன் உடனே வராது. கழிவத் தின்னுற பாக்டீரியா வளந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கணும், ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ ஆகும். அதுவரைக்கும் அவருக்கு வேலை, கண்ணாடியில தண்ணி மட்டத்துக்குக் கோடு போட்டுட்டு தினம் சாயந்தரம் அந்தக் கோடு வரைக்கும் டிஐ தண்ணி ஊத்துறது. ஒரு நாளைக்கு எம்புட்டு ஊத்துனாருன்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. மே மாசம் வர்றப்ப ரெசின் எத்தன மாசம் தாங்கும்னு அந்த நோட்ட வச்சு நானே சொல்லிருவேன்.